நாய்க்குட்டிக்கு என்ன வந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்களின் பெற்றோராகவே இருப்பர். கல்லூரியில் வைத்துப் பேச இயலாததை விறாந்தையில் அமர்ந்து, தேநீர் அருந்தியபடி பேசுவது அவர்களுக்கு எளிதாக இருக்கின்றது போலும். அவர்கள் கொண்டு வரும் முறைப்பாடும் ஏறக்குறைய ஒன்றே. "பிள்ளை முந்தி இப்படி இல்லை, சேர். திடீரென்று மாறிவிட்டான்." இருபது ஆண்டுகளாக இவ்வாக்கியத்தைக் கேட்டு வருகிறோம். அதற்கு நாம் சொல்லும் பதிலும் மனப்பாடமாகிவிட்டது.

உவர்மலையில் எமக்கு இரண்டு வீடு தள்ளி வசிப்பவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றும் இளைஞர். அண்மையில் ஒரு காலை அவர் முகம் வாடி வந்து கதிரையில் அமர்ந்தார். "சேர், அவன் முழுக்க மாறிப்போனான். கூப்பிட்டால் வாறானில்லை. சொல்வழி கேட்கிறானில்லை. நேற்றுப் பின்னேரம் பிள்ளையைக் கடித்தும் போட்டான்" என்றார். நாமும் பழக்கதோஷத்தால், "தம்பி, இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்" என்று தொடங்கிவிட்டோம். பாதியில்தான் அவருக்கு ஆண் பிள்ளையே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது ரொமியைப் பற்றி.

ரொமியை எமது ஒழுங்கையில் அறியாதார் இல்லை. பொமரேனியன் இனம், வெள்ளைப் பஞ்சை உருட்டி இரண்டு கறுப்பு மணிகளைப் பதித்தாற் போன்ற முகம். இரண்டு மாதக் குட்டியாய் இருந்தபோது, கண்டியிலிருந்து பனையோலைக் கூடையில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்தியே கொண்டு வந்தார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குப் பிறந்தநாட் பரிசு. அன்று முதல் அக்குழந்தை அதைப் பொம்மையைப் போலத் தூக்கித் திரிந்தது. அது நித்திரை கொண்டாலும் எழுப்பி முத்தமிடும். உண்ணும்போதும் வாலைப் பிடிக்கும். ரொமியும் எல்லாவற்றையும் பொறுத்திருந்தது. இப்போது அதற்கு எட்டு மாதம்.

வந்தவர் சிறிது தயங்கிவிட்டு, தாம் கேட்க வந்ததைக் கேட்டார். கன்னியாப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் லொறி மாலையில் போகிறதாம். அதில் ஏற்றி, அப்பால் எங்கேனும் இறக்கிவிடச் சொல்லலாமா என்று மனிசி கேட்கிறாராம். (இத்தகைய யோசனைகள் எல்லா வீட்டிலும் மனைவியரிடமிருந்தே வருவதாகக் கணவர்மார் சொல்வது வழக்கம். நாம் அதை முற்றாக நம்புவதில்லை.)

நாம் அதற்கு விடை கூறவில்லை. "பிள்ளையின் கையை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். சிறு கீறல்தானாம், மஞ்சள் வைத்துக் கட்டினார்களாம்.

வாசகர்கள் இவ்விடத்தில் எம்முடன் சற்று நிற்க வேண்டும். நாய்க்குட்டியின் மனநிலை பற்றி எழுத வந்த நாம் அதைப் பிறகு எழுதுவோம். நாயின் குணம் திடீரென மாறியது, அது கடித்தும் விட்டது என்றால், இலங்கையில் முதலில் நினைக்க வேண்டியது விசர் நாய்க்கடி நோயையே. 1973ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடும் வேலையும், கடிபட்டோருக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஊசி போடும் வேலையும் இடைவிடாது நடந்து வந்ததன் பயனாக அத்தொகை பெரிதும் குறைந்தது. எனினும் அண்மைக் காலத்திலும் ஆண்டுதோறும் இருபது முப்பது உயிர்கள் போயின. நோயின் குறிகள் வெளிப்பட்ட பின் அதை மாற்றும் மருந்து உலகில் எவரிடமும் இல்லை. குறிகள் தோன்றுமுன் போடும் ஊசியோ உயிரைக் காக்க வல்லது. 1885ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், ஒன்பது வயதுச் சிறுவன் யோசப் மைஸ்டருக்கு அச்சிகிச்சையைத் தொடங்கிய நாள் முதல் இதை உலகம் அறியும்.

கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் கோப்பித்தூளும் சுண்ணாம்பும் அதற்கு ஈடாகா. கீறல் சிறிதெனினும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எமது அயலவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரைமணி நேரத்துக்குள் புறப்பட்டார். நாயின் ஊசி அட்டையையும் எடுத்துப் போகச் சொன்னோம். அட்டையில் முதல் ஊசி மாத்திரமே பதிவாகியிருந்தது. அடுத்ததற்குக் குறித்த நாள் கடந்திருந்தது. வைத்தியர் குழந்தைக்கு ஊசியை அன்றே ஆரம்பித்தார். நாயைக் கட்டிவைத்து இரண்டு வாரம் கவனிக்கவும் கட்டளையிட்டார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பத்து நாள். வைத்தியர் சொன்னது இரண்டு வாரம். வைத்தியர் சொன்னதே நடந்தது.

லொறியில் ஏற்றிவிடும் யோசனையின் ஆபத்து இங்கேதான் இருக்கின்றது. விசர் நோய் கொண்ட நாயின் எச்சிலில், குறிகள் தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே கிருமி வந்துவிடும். குறிகள் தோன்றிய நாய் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். ஆகவே, கடித்த நாய் இரண்டு வாரம் கழிந்தும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் நஞ்சு இல்லை என்பது உறுதி. அந்த நாயே சாட்சி. அதைக் கண்காணாத இடத்தில் இறக்கிவிட்டால் சாட்சியையும் இறக்கிவிட்டவர்களாவோம். குழந்தையின் தாய் எத்தனை இரவு நித்திரையின்றி இருக்க நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

விசர் நோயின் குறிகள் பற்றியும் எம்மவரிடம் தவறான எண்ணங்கள் உள்ளன. விசர் பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும் என்பது அவற்றுள் ஒன்று. தண்ணீரைக் கண்டதும் தொண்டை இறுகி நடுங்குவது நோயுற்ற மனிதனுக்குரிய குறி. நாய்க்கு அவ்வச்சம் இல்லை. அது குடிக்க முயன்று, விழுங்க இயலாது நிற்கும். அதன் குரல் மாறிக் கரகரக்கும், எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும், கல்லையும் கட்டையையும் கடிக்கும், வீட்டை விட்டு நெடுந்தூரம் ஓடும். இவையெல்லாம் இன்றி, மூலையில் ஒடுங்கி, கீழ்த்தாடை தொங்கக் கிடந்து இறக்கும் நாய்களும் உண்டு. அவ்வாறு தாடை தொங்கிய நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணிக் கையை விட்டுப் பார்ப்பது எத்துணை ஆபத்தானது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரொமியிடம் இவற்றுள் ஒன்றும் தோன்றவில்லை. பின் விறாந்தையில், நீளக் கயிற்றில், நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் கட்டி வைத்தார்கள். நாம் தினமும் மாலையில் கல்லூரி விட்டதும் போய், எட்ட இருந்து சிறிது நேரம் பார்த்து வருவோம். ஆசிரியத் தொழிலில் எம்முடைய ஒரே திறமை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான். அதை நாயிடம் காட்டினோம்.

கண்டவை இவை. பசி குறையவில்லை, ஆனால் ஒரு பக்கமாகவே மென்றது. எலும்பைக் கவ்வும், உடனே விட்டுவிடும். பெயரைச் சொல்லி வீட்டுக்காரர் அழைத்தால், கேட்ட செவியைச் சற்றே திருப்பிவிட்டு மதிலோரத்து அணிலைப் பார்க்கும். முன்பு பெண் நாய்களைப் போலக் குந்திச் சிறுநீர் கழித்தது, இப்போது விறாந்தைத் தூண் ஒவ்வொன்றிலும் காலைத் தூக்கியது. மூன்றாம் நாள் மாலை, சீனன்குடா மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டு வந்த கப்பல் ஒன்று சங்கு ஊதியது. பிறந்து இரண்டாம் மாதம் முதல் அச்சங்கொலியைக் கேட்டு வளர்ந்த நாய், அன்று முதன்முதலாகக் கேட்டதைப் போலக் கயிறு அறுபடுமளவுக்கு இழுத்து, அம்மி வைத்த திண்ணையின் அடியில் புகுந்து நடுங்கியது. ஒரு நாய்க்குள் ஒரே வேளையில் மூன்று நான்கு மாற்றங்கள். வீட்டார் அவையனைத்தையும் ஒன்றாகக் கட்டி, 'கெட்டுவிட்டது' என்று ஒரே பெயரை இட்டுவிட்டனர்.

இரண்டு வாரம் நலமாகக் கழிந்த பின், மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் மிகப் பொறுமையாக உதட்டை உயர்த்திப் பார்த்தார். மேல் வரிசையில், வலது புறம், கோரைப் பல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பற்கள் ஒட்டி நின்றன. ஒன்று புதியது; மற்றொன்று விழ மறுத்த பாற்பல். இடையில் உணவு அடைந்து முரசு வீங்கிச் சிவந்திருந்தது. நாய்க்குட்டிக்கு இருபத்தெட்டுப் பாற்பற்கள் உண்டு. நாலாம் மாதம் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் அவை விழுந்து, நாற்பத்திரண்டு நிலையான பற்கள் வந்துவிட வேண்டும். தாடை குறுகிய சிற்றினங்களில் பாற்பல் விழாமல் நின்றுவிடுவது அடிக்கடி நிகழ்வது. அதை மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டும். இதை அறியாத வீடுகள் பல.

அப்போதுதான் குழந்தையிடம் நாம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. "கடிக்கும்போது நீ என்னம்மா செய்துகொண்டிருந்தாய்?" குழந்தை தன் இரு கைகளாலும் எமது கன்னங்களைச் சேர்த்துப் பிடித்துக் காட்டியது. "இப்படிக் கொஞ்சினேன், மாமா."

அதற்கு முன் நாய் ஏதும் சத்தம் செய்ததா என்றும் கேட்டோம். செய்ததாம். நாலைந்து நாளாகவே உறுமியதாம். உறுமும்போதெல்லாம் அப்பா சுருட்டிய பத்திரிகையால் முகத்தில் ஒன்று போடுவாராம். பிறகு உறுமுவதை விட்டுவிட்டதாம். எமது நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவரை நாம் குறைகூறவில்லை. நாம் கண்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் நடப்பது அதுவே. ஆயின் அதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். வாய் பேசாப் பிராணி, "என்னைத் தொடாதே, நோகிறது" என்று சொல்லக்கூடிய வழி உறுமல் ஒன்றே. அதை அடித்து நிறுத்தினால் நோவு நிற்கப் போவதில்லை, எச்சரிக்கைதான் நிற்கும். அதன்பின் அது முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். அப்போது, "சும்மா இருந்த நாய் திடீரென்று கடித்தது" என்போம். திடீரென்று என்னும் சொல், பல வேளைகளில், நாம் கவனிக்காத நாட்களின் கணக்கு.

இதில் சிற்றின நாய்க்கென்று ஒரு தனித் துன்பமும் உண்டு. ஆளுயர நாய் ஒன்று உறுமினால் எவரும் இரண்டடி பின்வாங்குவர். முழங்காலுக்கும் எட்டாத ஒன்று உறுமினால் சிரிக்கிறோம். "பாருங்கள், இதற்கு வந்த கோபத்தை" என்று மறுபடியும் சீண்டி, வந்த விருந்தினருக்கும் காட்டுகிறோம். அதன் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. வேண்டிய போது தூக்குகிறோம், வேண்டாதபோது இறக்குகிறோம். பொமரேனியனின் மூதாதையர் வடதேசத்துப் பனிநிலங்களில் வாழ்ந்த பெரிய நாய்கள். விக்டோரியா மகாராணியார் 1888ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இவ்வினத்தில் ஆசை கொண்டு வாங்கி வளர்க்கத் தொடங்கிய பின்னரே, மடியில் அடங்கும் அளவுக்கு இதைச் சிறுக்க வைக்கும் மோகம் பரவியது. உடலைச் சிறுக்க வைத்தார்கள். உள்ளிருக்கும் நாயைச் சிறுக்க வைக்க எவராலும் முடியவில்லை.

பல்லைப் பிடுங்கியதும் எல்லாம் சரியாயிற்று என்று எழுதினால் கதை நன்றாக முடியும். ஆனால் அவ்வாறு நடக்கவில்லை. முரசு ஆறியது, முகத்தைத் தொட விட்டது. அழைத்தால் வராத குணமும் கப்பற் சங்குக்கு அஞ்சும் குணமும் அப்படியே இருந்தன. அவை பல்லின் வேலையல்ல, வயதின் வேலை.

நாய்க்கும் வாலிபத்தின் வாசற்படி ஒன்று உண்டு. சிற்றினங்கள் பெரிய இனங்களிலும் முந்தி, ஆறாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதத்துக்குள்ளாகவே பெரும்பாலும் பருவமெய்துகின்றன. இப்பருவத்தைப் பற்றி இங்கிலாந்தின் நியூகாசில், நொட்டிங்ஹாம், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறுபத்தொன்பது நாய்களை ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் சோதித்தனர். கட்டளை ஒன்றே: இரு. ஐந்தாம் மாதத்தில் வளர்த்தவர் சொன்னபோது இருந்த நாய்கள், எட்டாம் மாதத்தில் அவர் சொல்லைக் காற்றில் விட்டன. வியப்பு யாதெனில், அதே நாய்கள் முன்பின் அறியாத ஒருவர் சொன்னபோது கீழ்ப்படிந்தன. ஆகவே கட்டளையை அவை மறந்துவிடவில்லை. ஒரு வயதாகும்போது கீழ்ப்படிவு திரும்பி வந்தது என்றும் கண்டனர். அவர்கள் சோதித்தவை குருடருக்கு வழிகாட்டப் பழக்கும் பெரிய இனங்கள். எமது ரொமிக்கு மாதக் கணக்கு சற்று முன்பின்னாகலாம்.

இதை எமது நண்பருக்கு வாசித்துக் காட்டியபோது நாமே உள்ளூர நாணினோம். ஒன்பதாம் வகுப்பில் எமது வாக்கைத் தேவவாக்காய்க் கொள்ளும் மாணவன், வீட்டில் தாய் மூன்று முறை அழைத்தும் எழுந்திரான் என்பதை எத்தனை தாய்மார் எமக்குச் சொல்லியிருக்கின்றனர்! அது எம்முடைய ஆளுமையின் சிறப்பு என்றல்லவா இத்தனை காலம் எண்ணி வந்தோம்.

ஒலிக்கு அஞ்சுவதும் இவ்வயதில் வருவதுண்டு. குட்டிப் பருவத்தில் கவலையின்றிக் கடந்து சென்ற ஒன்றை, ஆறு மாதத்துக்கும் பதினான்கு மாதத்துக்கும் இடையில் ஒரு நாள் புதிதாகக் கண்டு வெருளும் என்பது நாய் பழக்குவோர் அனுபவத்தில் கண்டது. அவ்வேளையில் நாயை இழுத்துச் சென்று, அஞ்சிய பொருளின் முன் நிறுத்தி, "பார், ஒன்றுமில்லை" என்பது நன்மை செய்யாது, அச்சம் வேரூன்றிவிடும். ஒளியும் இடத்தை அடைக்காமல் விட வேண்டும். தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வர். அதை நாம் ஏற்கவில்லை. அஞ்சிய பிள்ளையை அணைத்ததால் பயந்தாங்கொள்ளியானவர் எவர்? கப்பற் சங்கு ஊதும் போதெல்லாம் ஒரு துண்டு அவித்த மீனை அதன் அருகே போட்டு வரும்படி சொன்னோம். திருகோணமலையில் கப்பலுக்கும் பஞ்சமில்லை, மீனுக்கும் பஞ்சமில்லை. தீபாவளிக்கும் புதுவருஷத்துக்கும் சீனவெடி கொளுத்துமுன், நாயை யன்னல் சாத்திய உள்ளறையில் விடவும் சொன்னோம்.

கட்டளையைப் பொறுத்தவரை, நாளுக்கு ஐந்து நிமிடம், படலையைச் சாத்திவிட்டு, வந்தால் உணவு, வராவிட்டால் ஒன்றுமில்லை என்று மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்கள். வாயில் கவ்விய செருப்பைப் பறிக்காமல், அதனிலும் நல்லது ஒன்றைக் கொடுத்து வாங்கினார்கள். உண்ணும் கோப்பையிலிருந்து எடுக்கும் கையாக இல்லாமல், அதில் இன்னுமொரு துண்டை இடும் கையாகக் குழந்தையின் கையைப் பழக்கினார் தாய். அதுவும் பெரியவர் ஒருவர் அருகில் நிற்கும்போது மாத்திரமே.

வேறு நோய்களையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். துடிப்பான குட்டி திடீரெனச் சோர்ந்து, முரசு வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மிகச் சிறிய நாய் ஒரு நேர உணவு தவறியதும் தள்ளாடினால், இரத்தத்தில் சீனி குறைந்திருக்கலாம். தசை துடிப்பும் வலிப்பும் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. தூக்கும்போது கத்தினால் முழங்காற் சில்லு விலகியிருக்கவும் கூடும். சிற்றினங்களுக்கு அது வாய்ப்பு.

இத்தனையும் அறிந்தவராய் எழுதும் நாம், இதே ஊரில், இதே பிழையைச் செய்தவர்கள். 2003ஆம் ஆண்டளவில், எமக்கு மணமாகிய புதிதில், கால் குட்டையும் உடல் நீளமுமான டாக்ஸண்ட் கலப்புப் பெட்டை நாய் ஒன்று எமது வீட்டில் இருந்தது. ஒரு வயது ஆகவில்லை. ஒரு நாள் எமது பழைய செருப்பொன்றைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டிலின் கீழ் வைத்து, சாக்கைப் பிறாண்டிப் படுக்கை செய்து, அருகே எவர் வந்தாலும் பல்லைக் காட்டியது. உணவுக்கும் வெளியே வர மறுத்தது. செருப்பை எடுக்கக் குனிந்த எமது தாயாரின் கையில் பல் பட்டது. ஊசி போட்டோம், பயம் தீர்ந்தது, கோபம் தீரவில்லை. மூதூருக்குப் பாலங்கள் வராத காலம் அது. இயந்திரப் படகிலேயே போய்வர வேண்டும். மூதூரில் வயல் வைத்திருந்த ஒருவரிடம் கயிற்றைக் கொடுத்தோம். கொடுத்தது எமது கை. படகு துறையை விட்டு நகர்ந்தபோது அது கரையையே பார்த்து நின்றது. வயலுக்குப் போய் மூன்றாம் நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகச் செய்தி வந்தது. அதன்பின் செய்தி இல்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலை வாசித்தபோதுதான் விளங்கியது. பெட்டை நாய்க்குப் பருவம் கண்டு ஆறு முதல் ஒன்பது வாரமளவில், அது சினைப்படாதிருந்தும், சினைப்பட்டு ஈன்றதாக உடல் தன்னையே ஏமாற்றிக்கொள்வதுண்டு. பால் கூடச் சுரக்கும். கையிற் கிடைத்த ஒன்றைக் குட்டியாய்ப் பாவித்துக் காக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே தணிந்துவிடும். எமது நாய் செருப்பைத் திருடவில்லை, குட்டியைக் காத்துக்கொண்டிருந்தது. மூன்று வாரம் பொறுத்திருந்தால் போதும்.

நாலடியாரில் நாயின் நட்பைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும் போதும் தன் தலைவனைக் கண்டு வாலாட்டும் நாயை யானையோடு ஒப்பிட்டு உயர்த்துவது அது. வகுப்பில் அதை நடத்தும்போது முன்பெல்லாம் பெருமிதத்தோடு சொல்வோம். மூதூர்ப் படகுக்குப் பின் எமது குரல் சற்றுத் தாழ்ந்துவிட்டது. வேல் தைத்தும் வாலாட்டும் என்று எதிர்பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆகவேதான் பல் நொந்த நாய் ஒரு முறை உறுமியதும் நன்றிகெட்டது என்று பெயரிட்டுவிடுகிறோம்.

கைவிட்ட நாய்கள் எங்கே போகின்றன என்பதை இந்நகரத்தார் அறிவர். மீன் சந்தைப் பக்கமும் பஸ் நிலையமும் அவற்றின் அடைக்கலம். 2006ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் நிறுத்தியது, நன்று. ஆயின் அதைக் காரணமாகக் கொண்டு, "தெருவில் விட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்று பேசுவோரைக் கேட்டிருக்கின்றோம். மடியில் வளர்ந்த பொமரேனியன் எப்படிப் பிழைக்கும்? மீன் குடலுக்காகப் போரிடும் நாய்க் கூட்டத்தில் அது எத்தனை நாள் நிற்கும்? பிழைத்தாலும், ஊசி போடாத நாய்களோடு கலந்து கடிபட்டு, எந்த விசர் நோய்க்கு அஞ்சி அதை வெளியேற்றினோமோ அதையே ஏற்கும். பின்னர் அந்நோயை இன்னொரு வீட்டுக் குழந்தையிடம் கொண்டு போகும். கோட்டை வாசற் பக்கம் புள்ளிமான்களைத் துரத்தும் நாய்க் கூட்டங்களைக் கண்டு நாம் முறையிடுகிறோமே, அவற்றுள் சில ஒரு காலத்தில் பெயரோடும் கழுத்துப் பட்டியோடும் இருந்தவையாகலாம்.

ரொமிக்கு இப்போது பதினொரு மாதமாகிறது. தவறிய ஊசியைப் போட்டு அட்டையில் பதிந்தாயிற்று. விதையகற்றும் சிகிச்சைக்கும் நாள் குறித்தாயிற்று. அழைத்தால் பத்தில் ஏழு முறை வருகிறது. மிகுதி மூன்றும் அணிலைப் பொறுத்தது. சங்கொலிக்கு இன்னமும் மேசைக்கு அடியில் போகிறது. ஆனால் நடுக்கமின்றிப் போய், மீன் துண்டு வருகிறதா என்று அங்கிருந்து எட்டிப் பார்க்கிறது.

சென்ற ஞாயிறு நாம் அவ்வீட்டுக்குப் போயிருந்தபோது, விறாந்தையில் நாய் நித்திரை. குழந்தை இரண்டு முழத்துக்கு அப்பால் சப்பாணி கட்டி அமர்ந்திருந்தது. கையில் சீப்பு. "ஏனம்மா, சீவவில்லையா?" என்றோம்.

"அவன் எழும்பட்டும், மாமா. கேட்டுவிட்டுச் சீவுவேன்."